ஏரி ஆணையம் கலைந்தது

பெங்களூரின் மிகப் பெரிய ஏரி பெல்லந்தூர் ஏரி. சாக்கடை நீர் கலந்து கலந்து அதில் நுரை பொங்கியது. 2018 ஜனவரியில் அங்கே தீப்பிடித்தது. ஏரியில் தீயா? ஆம். காய்ந்த புல்லும் களையும் எரிந்தன. ராணுவ வீரர்களும் வந்து அணைத்தார்கள்.

கர்நாடகத்தில் ஏரிகளைக் காக்க ஓர் ஆணையம் இருந்தது. 2014ஆம் ஆண்டின் சட்டம் அதை உண்டாக்கியது. தீப்பிடித்த அதே 2018இல் அந்த ஆணையம் கலைக்கப்பட்டது.

எப்படிக் கலைத்தார்கள்? மந்திரி ஓர் உத்தரவு போட்டால் போதுமா? போதாது. சட்டத்தால் வந்ததைச் சட்டத்தால்தான் நீக்க வேண்டும். அதற்கு முதலில் ஒரு மசோதா வேண்டும். அதைச் சட்டசபை ஏற்க வேண்டும். மேலவையும் ஏற்க வேண்டும். தமிழ்நாட்டில் மேலவை இல்லை. கர்நாடகத்தில் உண்டு. பிறகு ஆளுநர் ஒப்புதல் தருவார். கடைசியில் அரசிதழில் அச்சாகும். அரசிதழ் என்பது அரசு வெளியிடும் பத்திரிகை. இத்தனையும் நடந்துதான் ஏரி ஆணையம் போனது.

ஏரிக் காவல் யார் கைக்குப் போனது? சிறு நீர்ப்பாசனத் துறையைச் சேர்ந்த வேறோர் ஆணையத்துக்கு. ஆங்கிலத்தில் பழையதன் பெயரில் 'லேக்' இருந்தது. புதியதன் பெயரில் 'டேங்க்' இருக்கிறது. நமக்கு இரண்டும் ஏரிதான். ஏரி ஆர்வலர்கள் இந்த மாற்றத்தை எதிர்த்தார்கள். ஆனாலும் சட்டம் நிறைவேறியது.

ஓர் ஆணையத்தைக் கலைக்கும்போது அதன் சொத்து, கடன், வழக்கு யாருக்குப் போகும் என்றும் சட்டத்தில் எழுதுவது வழக்கம். மக்கள் தேடிப் படிக்க வேண்டிய பகுதி அதுதான். பழைய அலுவலகத்தில் மனு கொடுத்தவர், அதன் நகலை எடுத்துக்கொண்டு, பொறுப்பேற்ற அலுவலகத்தில் போய்க் கேட்கலாம்.