எட்டாம் செமஸ்டரிலிருந்து எழுதுங்கள்

"அடுத்த வருஷத்துக்கு ஒரு புது கோர்ஸ் போடணும் சார். வெள்ளிக்கிழமைக்குள்ள பிரபோசல் குடுத்துருங்க."

கல்லூரியில் ஐந்தாறு வருடம் ஓட்டிய எவரும் ஒருநாள் முதல்வர் அறையில் இதைக் கேட்டே தீர வேண்டும். கேட்டதும் கை தானாக ஒரு வேலை செய்யும். பெரிய கல்லூரி ஒன்றின் சிலபஸை இறக்கி, அட்டையை மாற்றி, நாலு பாடத்தின் பெயரில் 'ஏஐ' என்று ஒட்டும். முப்பத்திரண்டு வயதில் நானும் அதைத்தான் செய்தேன். படிப்பு தொடங்கியது. அறுபது இடத்தில் நாற்பத்தொன்று நிரம்பியது. எல்லோரும் கை கொடுத்தார்கள். மூன்றாம் ஆண்டு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது: ஐந்தாம் செமஸ்டரில் நானே எழுதிவைத்த இரண்டு பாடங்களை நடத்த வளாகத்தில் ஆள் இல்லை. ஒன்றை நான் எடுத்தேன். ராத்திரி படித்துவிட்டுக் காலையில் நடத்தினேன். பின்வரிசைப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். புதுப் படிப்பின் திட்டத்தை எட்டாம் செமஸ்டரில் தொடங்கி முதல் செமஸ்டருக்குப் பின்னோக்கி எழுதுவேன். கடைசி நாளில் அந்தப் பிள்ளை எந்த வாசலுக்குள் வேலைக்குப் போகும், அதற்கு எட்டாம் செமஸ்டரில் என்ன செய்திருக்க வேண்டும், அதற்கு ஆறில் எந்த லேப் வேண்டும், அதற்கு நாலில் யார் பாடம் நடத்துவார். இப்படி இறங்கிவந்தால் பெயர் கடைசியில்தான் வரும். நம் ஊரில் பெயரைத்தான் முதலில் வைக்கிறோம்.

வாசலைத் தேடி நடங்கள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வாசல்கள் பஸ் தூரத்தில் இருக்கின்றன. ராஜபாளையத்தில் நூற்பாலைகள். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி. ஸ்ரீவில்லிபுத்தூரில் 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா. மேற்கே மலையேறினால் 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். கிழக்கே சிவகாசியின் அச்சகங்கள். இவற்றில் எதையும் பார்க்காமல் சென்னைக் கல்லூரியின் சிலபஸைப் பார்ப்பதுதான் நாம் செய்கிற வேலை.

சத்திரப்பட்டிக்கு ஒருமுறை துறைத்தலைவர் ஒருவரோடு போனேன். மருத்துவத் துணி செய்கிற சின்ன யூனிட். தறிச் சத்தத்தில் பேசவே முடியவில்லை. உரிமையாளர் எங்களை உள்ளறைக்குக் கூட்டிப்போய், ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரை ஊற்றி, வெளுத்த காஸ் துணியில் ஒரு துண்டைக் கத்தரித்து மேலே போட்டார். "எண்ணுங்க சார்." நாங்கள் எண்ணினோம். ஆறு எண்ணுவதற்குள் துணி மூழ்கிவிட்டது. பத்து விநாடிக்குள் மூழ்க வேண்டும் என்பது மருந்தியல் தர நூலின் கணக்கு. பருத்தியின் இயல்பான மெழுகும் பாவில் ஏற்றிய கஞ்சியும் சரியாக நீங்கியிருந்தால்தான் துணி நீரை உறிஞ்சும். இல்லாவிட்டால் மிதக்கும், புண்ணின் ஈரத்தையும் எடுக்காது. "மிதந்தா ஏன் மிதக்குதுன்னு கண்டுபிடிச்சு, ஏற்றுமதிக்காரன் கேக்குற மாதிரி எழுதிக் குடுக்க ஒரு ஆள் வேணும். உங்க பிள்ளைகள்ல யாரு செய்வா?" என்றார்.

துறைத்தலைவர் பதில் சொல்லவில்லை. வேதியியல், ஜவுளி, தர ஆவணம் மூன்றும் கலந்த வேலை அது. எங்கள் கல்லூரியில் மூன்றும் மூன்று கட்டடத்தில் இருந்தன. திரும்பும் வழியில் அவர் பையிலிருந்த பிரபோசலை எடுத்து இரண்டு பக்கத்தை அடித்தார். இப்படி மூன்று நான்கு வாசலுக்கு நேரில் போய்வராமல் 'இண்டஸ்ட்ரி தேவை' என்ற தலைப்பில் ஒரு வரி எழுதாதீர்கள்.

டிகிரிதான் வேண்டுமா?

ஒவ்வொரு தேவைக்கும் நாலு வருட டிகிரி போடுவது நம் பழக்கம். பால்கோவா கடைக்கு வேண்டியது பால் கொழுப்பைச் சோதிக்கவும், பேக்கிங்கையும் கெட்டுப்போகும் காலத்தையும் கவனிக்கவும் தெரிந்த ஒருவர். அதற்கு ஆறு மாதச் சான்றிதழ் போதும். பெரிதாக வேண்டுமானால் பி.வோக். என்ற தொழிற்கல்விப் படிப்பு; ஒரு வருடத்தில் டிப்ளமோ, இரண்டில் மேல்நிலை டிப்ளமோ, மூன்றில் பட்டம் என்று இடையில் இறங்கிக்கொள்ளலாம். பால் தொழில்நுட்பத்துக்கு முழுப் பட்டம் வேண்டும் என்பவர்களுக்குக் கொடுவள்ளியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது. அதை இங்கே நகலெடுப்பதில் பயன் இல்லை.

பொறியியல் கல்லூரியில் இருப்பவர்களுக்கு என் யோசனை இன்னும் மலிவானது. முதலில் புதுப் படிப்பை 'மைனர்' ஆக ஓட்டுங்கள். வழக்கமான பி.டெக். 160 கிரெடிட், அதற்கு மேல் 18 முதல் 20 கிரெடிட் படித்தால் மைனர் டிகிரி கொடுக்க, தொழில்நுட்பக் கல்விக்கான கவுன்சிலான ஏஐசிடிஇ வழி வைத்திருக்கிறது. ஐந்தாறு பாடம்தான். மெக்கானிக்கல் மாணவர்கள் இருபது பேர் தாங்களாக வந்து சேர்ந்தால் தேவை இருக்கிறது. யாரையாவது பிடித்துவந்து உட்காரவைக்க வேண்டியிருந்தால், டிகிரி போடாமல் தப்பித்தீர்கள். இரண்டு வருடம் இப்படி ஓடினால் பாடம் நடத்தும் ஆளும் உள்ளேயே உருவாகிவிடுவார்.

யாரிடம் கையெழுத்து?

ராஜபாளையத்துக்கும் கிருஷ்ணன்கோவிலுக்கும் இடையே சுமார் 25 கிலோமீட்டருக்குள் விதவிதமான கல்லூரிகள் இருக்கின்றன. கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ராஜபாளையம் ராம்கோ பொறியியல் கல்லூரி 2013-ல் அண்ணா பல்கலைக்கழக இணைப்போடு தொடங்கியது. ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. நீங்கள் எந்த வகையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வேலையே மாறும்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டக் குழு, அகாடமிக் கவுன்சில், நிர்வாகக் குழு மூன்றும் உங்கள் வளாகத்திலேயே கூடும். வேகம் அதிகம், தப்பு செய்யும் வசதியும் அதிகம். தொழில்நுட்பப் படிப்புக்கு ஏஐசிடிஇ ஒப்புதல் இவர்களுக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. இணைப்புக் கல்லூரியில் சிலபஸ் உங்கள் கையில் இல்லை. பல்கலைக்கழகம் வைத்திருக்கும் படிப்புகளில் ஒன்றைத் தேர்ந்து, ஏஐசிடிஇ ஒப்புதல் வாங்கி, இணைப்புக்கான ஆய்வுக் குழுவை வரவேற்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி நடுவில்: சிலபஸ் உங்களுடையது, பட்டம் பல்கலைக்கழகத்துடையது. கலைக்கல்லூரிக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2024-25 முதல் பிபிஏ, பிசிஏ படிப்புகளும் ஏஐசிடிஇ கூரைக்குள் வந்துவிட்டன. சட்டம், கட்டடக்கலை, மருந்தியல், செவிலியம் என்றால் அவரவர் கவுன்சில் தனி.

தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் வெளியிலிருந்து நிபுணர்கள், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், பழைய மாணவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது யுஜிசி விதி. தொழில்துறை நாற்காலிக்குக் கல்லூரித் தலைவரின் நண்பரைப் போடாதீர்கள். மில்லில் ஷிப்ட் பார்க்கிற ஒரு மேனேஜரைக் கூப்பிடுங்கள். டீக்கு முன்னால் மூன்றே மூன்று கேள்வி கேட்பார், அது போதும். அவர் சொன்னதை மினிட்ஸில் அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். 'உறுப்பினர்கள் பயனுள்ள ஆலோசனைகளை வழங்கினர்' என்ற வரியை எத்தனை மினிட்ஸில் படித்துவிட்டேன்! என்ன ஆலோசனை என்று எவருக்கும் நினைவில்லை.

பெயரில் விளையாடாதீர்கள்

யுஜிசி சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, யுஜிசி குறிப்பிட்டிருக்கும் பட்டங்களை மட்டுமே கொடுக்கலாம். 2014 அரசிதழ்ப் பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது. எடுத்து மேஜையில் வையுங்கள். ஆனால் தமிழ்நாட்டில் அதைவிடப் பெரிய கண்ணி வேறு. நம் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "இது டிஎன்பிஎஸ்சிக்குச் செல்லுமா?" பட்டத்தின் பெயர் வழக்கத்துக்கு மாறாக இருந்தால், இன்ன பட்டத்துக்கு இது இணை என்று அரசாணை வேண்டியிருக்கும். இணையல்ல என்று அரசாணை வந்த படிப்புகளும் இருக்கின்றன. தேர்வில் பாஸாகி, சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பி வந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் பெயரில் கவித்துவம் காட்டமாட்டார்கள். பட்டத்தின் பெயரைப் பழையதாக வைத்துக்கொண்டு புதுமையை விருப்பப் பாடங்களில் காட்டுங்கள்.

பெயரை மாற்றவே கூடாது என்றும் இல்லை. கிண்டியில் அச்சுத் தொழில்நுட்பமாக இருந்த படிப்பு, அச்சும் பேக்கேஜிங்கும் என்று ஆனது. அது சிவகாசிக்காரர்களுக்குப் பார்த்தவுடன் புரியும் மாற்றம்: காலண்டர் அடித்த மெஷின்கள் இன்று அட்டைப்பெட்டியும் லேபிளும் அடிக்கின்றன. தொழில் மாறிய பிறகு பெயர் மாறினால் நிற்கும்.

ஆளும் காசும்

கணக்கு எளிது, அதனால்தான் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. அறுபது இடம். இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தில் முதல் வருடம் மூன்று பேர் போதும். நாலாம் வருடம் 240 மாணவர், பன்னிரண்டு ஆசிரியர். பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர் 1:2:6 என்ற பங்கில் வேண்டும். நிர்வாகத்திடம் முதல் வருட மூன்று பேரை மட்டும் காட்டிக் கையெழுத்து வாங்குகிற சாமர்த்தியம் மூன்றாம் வருடத்தில் உங்கள் கழுத்தைத்தான் பிடிக்கும். நாலு வருடப் பட்டியலையும் ஒரே தாளில் கொடுங்கள். லேபும் அப்படித்தான்: முக்கியமான கருவி ஐந்தாம் செமஸ்டரில் தேவை என்றால், ஆர்டர் மூன்றாம் செமஸ்டரில் போயிருக்க வேண்டும். அப்போது கையில் இருப்பது இரண்டு பேட்ச் கட்டணம் மட்டுமே.

ஆள் கணக்கை முதலிலேயே யோசித்ததற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. குரோம்பேட்டை எம்ஐடி பொறியியல் கல்லூரியை சி. ராஜம் 1949-ல் தொடங்கியபோது எடுத்த நாலு படிப்புகள் விமானம், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், கருவியியல். அந்தக் காலத்துக்கு நாலுமே துணிச்சல். எனக்குப் பிடித்தது இன்னொரு முடிவு: சேர்த்தது பி.எஸ்சி. முடித்தவர்களை. இயற்பியலும் கணிதமும் வேறெங்கோ படித்துவிட்டு வந்த பிள்ளைகள். மூன்று வருடத்தையும் தொழில்நுட்பத்துக்கே கொடுக்கலாம். பாடம் நடத்த இங்கே ஆள் இல்லாதபோது ஆஸ்திரியாவிலிருந்து வந்த பேராசிரியர் ஸ்பாண்டர் காற்றியக்கவியல் எடுத்தார்; அப்துல் கலாம் அவரிடம் படித்தவர். யாரைச் சேர்ப்பது, யார் நடத்துவது என்ற இரண்டுக்கும் அவர்களிடம் விடை இருந்தது.

நம் பக்கத்திலேயே இன்னோர் உதாரணம்: கிருஷ்ணன்கோவில் கலசலிங்கத்தில் கேட்கும் திறன், பேசும் திறன் குறைந்த மாணவர்களுக்கென்று தனிப் பொறியியல் வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். அப்படி ஒன்றைத் திட்டமிடும்போது சிலபஸ் ஏறக்குறைய அதேதான். மற்ற எல்லாமே வேறு. சைகை மொழி தெரிந்தவர் வகுப்பில் நிற்க வேண்டும். 'கம்பைலர்', 'பாயிண்டர்' போன்ற சொற்களுக்கு முதலில் சைகை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆசிரியரும் மாணவரும் உட்கார்ந்து உண்டாக்க வேண்டும். எழுதிக்கொண்டே முதுகைக் காட்டிப் பேசும் ஆசிரியர் அங்கே பேசவே இல்லை என்று அர்த்தம். புதுப் படிப்பின் உண்மையான வேலை பிரபோசலுக்கு வெளியே இருக்கிறது என்று யாராவது சந்தேகப்பட்டால், இந்த வகுப்பை நினைத்துப் பார்க்கச் சொல்வேன்.

சேர்க்கை மேஜை

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சேர்க்கை மேஜையில் நீங்களே உட்காருங்கள். படிப்பை எழுதியவர் பதில் சொல்வதும், வாங்கிப் படித்தவர் பதில் சொல்வதும் வேறு. வத்திராயிருப்பிலிருந்து பஸ் பிடித்து வந்த அப்பா, மஞ்சள் பையில் மார்க் ஷீட்டோடு கேட்பார்: "போன வருஷம் இதைப் படிச்ச பிள்ளைக எங்க வேலை பாக்குது சார்?"

போன வருடம் என்று ஒன்று இல்லை. என்பிஏ அங்கீகாரத்துக்கு இரண்டு பேட்சாவது வெளியே போயிருக்க வேண்டும் என்பதால், அதையும் முதல் பேட்ச் பார்க்காது. 'நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்' பேனருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது கஷ்டம்தான். நான் சொல்வது இது: "ஐயா, உங்க பிள்ளைதான் முதல் செட். அஞ்சாவது செமஸ்டர் இவர் நடத்துவார், ஆறாவது அவர் நடத்துவார், பேர் இதுல இருக்கு. ஆறாவது செமஸ்டர் முடிஞ்சு ரெண்டு மாசம் இந்த நாலு கம்பெனில ஒண்ணுக்கு டிரெயினிங் அனுப்புறோம், அவங்க குடுத்த லெட்டர் இது."

லெட்டரை அவர் கையில் கொடுத்துவிடுவேன். சிலர் படிப்பார்கள், சிலர் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். ஒருவர் அதிலிருந்த நம்பருக்கு அங்கேயே நின்று போன் போட்டார். எதிர்முனையில் எடுத்த மேனேஜர், "ஆமா, வரச் சொல்லியிருக்கேன்" என்றார். பையன் சேர்ந்தான்.