தொண்ணூறு நாள் வண்டி

கேள்வி: செவ்வாயில் ஓடும் வண்டியை வீட்டில் உட்கார்ந்தபடி தினமும் பின்தொடர்பவர்கள் உண்டாமே? மண்ணும் கல்லும்தானே, அதில் என்ன சுவாரசியம்?

பதில்: நேற்று இல்லாத கல் இன்று கண்ணில் படுகிறதே, அதுதான்! 2004 ஜனவரியில் மெரிடியானி சமவெளியில் இறங்கிய ஆப்பர்ச்சுனிட்டி என்ற வண்டி எடுத்த படங்களை, நாசா மெருகேற்றாமல் அப்படியே இணையத்தில் போட்டுவந்தது. எல்லாம் கறுப்பு வெள்ளை. வெவ்வேறு வடிகட்டி வழியே எடுத்த ஒரே காட்சியின் மூன்று படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வண்ணம் வரும். பக்கத்துப் பக்கத்துப் படங்களை ஒட்டினால் அடிவானம் விரியும். இதை ராத்தூக்கம் கெட்டுச் செய்தவர்களில் பலர் விஞ்ஞானிகள் அல்லர், வெறும் ரசிகர்கள்.

2005 ஏப்ரலில் வண்டி ஒரு மணல்மேட்டில் சிக்கியது. சக்கரப் பற்களில் மண் அப்பிக்கிடந்த படங்களைப் பார்த்து ஐந்து வாரம் தவித்தார்கள். ஒருநாள் சக்கரம் சில சென்டிமீட்டர் நகர்ந்தால்கூட அது செய்தி! ஜூனில் வெளியே வந்தது. (நம்மூர் என்றால் நாலு பேர் இறங்கித் தள்ளியிருப்போம்.)

தொண்ணூறு செவ்வாய் நாள் ஓடினால் போதும் என்று அனுப்பிய வண்டி, 14 ஆண்டுகளில் 45 கிலோமீட்டர் போனது. மாரத்தான் தூரத்தைவிட அதிகம். 2018 ஜூனில் புழுதிப்புயல் சூரியனை மறைத்தது, அதன்பின் பேச்சில்லை. 2019 பிப்ரவரியில் நாசா கைவிட்டது. பழைய படங்களை ரசிகர்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.