யாரென்று தெரியாதவரை ‘ஹீ’ ஆக்காதே: அக்காவின் இங்கிலீஷ் டிப்ஸ்

தங்கச்சி, இங்கிலீஷில் மெயிலோ ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோ எழுதும்போது டாக்டர் என்றால் ‘ஹீ’, நர்ஸ் என்றால் ‘ஷீ’ என்று கை தானாகப் போட்டுவிடுகிறது. முதலில் இந்தப் பழக்கத்தை விடு. உன் எழுத்தைப் படிக்கிற எவரும் ‘இதில் நான் இல்லை போலிருக்கிறதே’ என்று நினைக்கக் கூடாது.

முக்கால்வாசி இடங்களில் பன்மைக்கு மாற்றினாலே பிரச்சினை தீர்ந்துவிடும். ‘ஈச் ஸ்டூடண்ட் மஸ்ட் சப்மிட் ஹிஸ் ரெக்கார்ட்’ என்பதை ‘ஆல் ஸ்டூடண்ட்ஸ் மஸ்ட் சப்மிட் தெயர் ரெக்கார்ட்ஸ்’ என்று எழுது. பன்மை ஒத்துவராவிட்டால் ‘ஹிஸ்’ஸை எடுத்துவிட்டு ‘எ’ அல்லது ‘தி’ போட்டுப் பார். செய்முறை விளக்கம் என்றால் நேராக ‘யூ’ போதும். ‘ஹீ ஆர் ஷீ’ பத்திக்கு நாலு தடவை வந்தால் அலுப்புத் தட்டும். ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காதவர்களை அது விட்டும்விடுகிறது.

எதுவுமே சரிவராத இடத்தில் தயங்காமல் ஒருமைக்கே ‘தே’ போடு: ‘இஃப் எ பேஷண்ட் கால்ஸ், ஆஸ்க் தெம் டு வெயிட்.’ இது தப்பு என்று ஸ்கூலில் சொல்லியிருப்பார்கள். ஆனால் 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே இப்படி எழுதி வருகிறார்கள். ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும்கூட எழுதியிருக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளுக்கு நீங்கள் பின்பற்றும் ஏ.பி.ஏ. கையேடு, 2019-இல் வந்த 7-ஆம் பதிப்பில் இதையே பரிந்துரைக்கிறது. ‘ஹீ’ என்றாலே பெண்ணும் அடக்கம்தானே என்று யாராவது கேட்பார்கள். நம் நாட்டின் 1897 ஜெனரல் கிளாஸஸ் ஆக்ட் அப்படித்தான் சொல்கிறது. சட்டத்துக்கு அது இருக்கட்டும், உன் மெயிலுக்கு வேண்டாம்.

இலக்கணத்தில் ஒன்றைக் கவனி. ஒரே ஆளாக இருந்தாலும் ‘தே ஆர்’, ‘தே ஹேவ்’ என்றுதான் வரும். பெயரைச் சொல்லும்போது மட்டும் ‘கிரண் இஸ்’, ‘கிரண் ஹேஸ்’. ‘தி மேனேஜர் டோல்ட் தி ட்ரெய்னீஸ் தட் தே வுட் லீவ் அட் ஃபைவ்’ என்று எழுதினால் யார் கிளம்புவது என்று குழப்பம் வரும். அங்கே ‘தே’யை விட்டுவிட்டு ஆளையே மறுபடி சொல்லிவிடு.

பெயரை வைத்து மட்டும் ஊகிக்காதே. கிரண், ஜோதி, சுமன் எல்லாம் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. ஒருவர் தன் கையெழுத்துக்குக் கீழே தன்னை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று போட்டிருந்தால், விவாதமே வேண்டாம், அப்படியே எழுது. அது அவருக்கு நீ தரும் மரியாதை. எந்த மனிதரையும் ‘இட்’ என்று எழுதிவிடாதே. அது மனதை நோகடிக்கும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ‘டியர் சர்’ என்று ஆரம்பிக்காதே. பெயர் தெரிந்தால் முழுப் பெயர், தெரியாவிட்டால் ‘டியர் ஹயரிங் மேனேஜர்’. அனுப்புவதற்கு முன் கம்ப்யூட்டரில் ‘ஹிஸ்’, ‘ஹீ’ இரண்டையும் தேடிப் பார். முழுச் சொல்லாகத் தேடு, இல்லையென்றால் ‘திஸ்’, ‘ஹிஸ்டரி’ எல்லாம் வந்து நிற்கும். அனுப்பாமல் வைத்திருக்கிற அந்த கவர் லெட்டரை இன்றைக்கே ஒருமுறை இப்படிப் பார்த்துவிடு, கண்ணு.