பராகுவே சிற்றூரில் தொண்டர் வாழ்வும் கைத்தொழிலும்

கைத்தொழிலை வளர்க்கும் நோக்குடன் அயல்நாட்டுச் சிற்றூரில் தங்கும் தொண்டர் முதலில் மாணவராதல் வேண்டும். அதன் பின்னரே அவரால் பிறருக்குப் பயனுண்டு. இதனைத் தென் அமெரிக்காவிலுள்ள பராகுவே நாட்டைக் கொண்டு ஆராய்வோம்.

1961-ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபர் கென்னடி 'பீஸ் கோர்' என்னும் தொண்டர் அமைப்பைத் தோற்றுவித்தார். அதில் சேர்வோர் ஏறத்தாழ மூன்று மாதம் பயிற்சி பெற்று, இரண்டாண்டுக் காலம் அயல்நாட்டு மக்களிடையே பணியாற்றுவர். ஊராரைப் போல எளிமையாக வாழ்வதற்கு வேண்டிய படி அவர்களுக்கு அளிக்கப்படும். பராகுவேக்கு 1960-களின் பிற்பகுதி முதல் இத்தொண்டர்கள் சென்றுள்ளனர்.

அன்றாட வாழ்க்கை

பராகுவேயின் ஆட்சிமொழிகள் ஸ்பானியமும் குவரானியும் ஆகும். 1992-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இரண்டிற்கும் அந்நிலையை அளித்தது. ஆயினும் சிற்றூர் வீடுகளில் மிகுதியும் வழங்குவது குவரானியே. அதனைக் கல்லாத தொண்டர் விருந்தினராகவே இருந்துவிடுவார்.

அங்கு 'தெரெரே' என்னும் குளிர்ந்த பானம் அருந்துவது நாள்தோறும் நிகழும் வழக்கம். மாட்டுக்கொம்பாலான குவளையில் 'எர்பா மாத்தே' இலைத்தூளை இட்டு, மூலிகை இடித்துச் சேர்த்த குளிர்ந்த நீரை ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சுவர். ஒரே குவளை அனைவரிடமும் முறையாகச் சுற்றி வரும். 'கிராசியாஸ்', அதாவது நன்றி, என்று ஒருவர் கூறினால் 'எனக்குப் போதும்' என்பது பொருள். இம்மரபை அறியாமல் முதற்குவளைக்கே நன்றி கூறும் புதியவருக்கு மறுகுவளை வாராது! இவ்வழக்கத்தையும் அதனோடிணைந்த மூலிகை அறிவையும் 2020-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சிலந்தி வலைப் பின்னல்

தலைநகர் அசுன்சியோனுக்குச் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இதவுகுவா, 'ஞாந்துதீ' என்னும் நூற்பின்னலுக்குப் பெயர்பெற்றது. இப்பெயர் குவரானி மொழியில் சிலந்தி வலையைக் குறிக்கும். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் வட்டங்களை வரைவர். சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல நூலைப் பரப்பி, ஊசியால் கொய்யாப்பூ, எறும்புப்புற்று முதலிய உருவங்களைப் பின்னுவர். பின்னர்க் கஞ்சியிட்டு உலர்த்தி, அடித்துணியை வெட்டி நீக்குவர். பெரிய விரிப்பொன்று முடியப் பல மாதங்கள் ஆகும்.

தொண்டர் செய்யத்தக்கது

தலைமுறை தலைமுறையாக வந்த இவ்வேலைப்பாட்டைத் தொண்டர் கற்பிக்க வேண்டுவதில்லை. உழைப்பின் விலையைக் கணக்கிட அவர் துணைபுரியலாம். எடுத்துக்காட்டாக, ஒரு சிறு விரிப்புக்கு 30 மணி நேரம் ஆகிறது எனக் கொள்வோம். வணிகர் தரும் விலை 300. நூலுக்கும் பிறவற்றுக்கும் ஆன செலவு 60. எஞ்சிய 240-ஐ 30 மணி நேரத்தால் வகுத்தால், ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைப்பது 8 மட்டுமே.

ஊரில் வேறு வேலைக்குக் கிடைக்கும் கூலி இதனினும் மிகுமாயின், தாயின் ஊசியை மகள் கையில் எடுக்கமாட்டாள். தொழில் அழிவது திறமைக் குறைவால் அன்று. கூலிக் குறைவால் என்பதை இக்கணக்கு விளக்கும். இதனை அறிந்த பெண்கள் ஒன்றுகூடி விலை பேசலாம். நூலை மொத்தமாக வாங்கலாம். வாங்குவோரை நேரே நாடலாம்.

கணக்கைத் தொண்டரே எழுதிவருவாராயின், இரண்டாண்டு முடிவில் அவரோடு அதுவும் போய்விடும். ஆதலின் முதல் மாதம் முதற்கொண்டே கணக்குப் புத்தகம் ஊர்ப் பெண்களின் கையில் இருத்தல் வேண்டும். அவர் விடைபெற்ற பின்னரும் அதன் ஏடுகள் நிரம்பி வருமாயின், அவர் தொண்டு பயனுற்றது எனலாம்.