போலி அனுபவச் சான்றிதழ்: பிடிபடுவது எப்படி?

இல்லாத நிறுவனங்களின் பெயரில் அனுபவச் சான்றிதழ் கொடுத்துச் சேர்ந்தவர்களை 2022இல் அக்சென்ச்சர் இந்தியா வேலையிலிருந்து நீக்கியது. சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகும் அவர்கள் தப்பவில்லை.

எந்த நிறுவனத்தில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வேலை என்பது பி.எஃப். யுஏஎன் கணக்கில் பதிவாகியிருக்கும். சம்பளத்தில் வரி பிடித்த நிறுவனத்தின் பெயரை 26ஏஎஸ் படிவம் காட்டிவிடும். முத்திரை எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், போலிச் சான்றிதழ் இவற்றோடு ஒத்துப்போகாது.

வேலை போவதோடு முடியாது. ஏமாற்றும் நோக்கில் ஆவணத்தைப் போலியாகத் தயாரித்தால், பாரதிய நியாய சன்ஹிதா 336ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. தெரிந்தே பயன்படுத்துவதும் குற்றம்தான்.

வேலையில் இடைவெளியா? உள்ளபடி சொல்லலாம். பழைய நிறுவனம் மூடப்பட்டிருந்தால் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிப் பதிவுகள் உதவும். சான்றிதழ் விற்கும் ஏஜென்டுகளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.