விட வேண்டிய ஸ்வரங்கள்: சுவா சூ காங் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

உன் கடிதமும் ஒலிப்பதிவும் வந்தன. 'கூலீஸ் ரீல்' என்ற ஐரிஷ் பாட்டு உன் மவுத் ஆர்கனில் வேகமாக ஓடுகிறது, ஸ்வரம் எதுவும் தவறவில்லை. அடுத்து ஓவர்ப்ளோ பழகலாமா, ரீடைச் சுரண்டி ஸ்ருதியை மாற்றலாமா, குரோமாட்டிக் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். மூன்றுக்கும் பதில் உண்டு. அதற்கு முன் நீ கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். உன் வாசிப்பில் இடைவெளியே இல்லை. இதே குறை இன்னும் சிலரிடமும் இருப்பதால் உன் பெயரைச் சொல்லாமல் பொதுவில் எழுதுகிறேன்.

ஐரிஷ் புல்லாங்குழல்காரரைக் கவனித்துக் கேள். ரீல் என்பது நிற்காமல் ஓடும் நடனப் பாட்டு. அவருக்கோ மூச்சு வாங்கியாக வேண்டும். அதனால் எங்கேனும் ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டு அந்த இடத்தில் மூச்சை இழுத்துக்கொள்கிறார். எந்த ஸ்வரத்தை விடுவது என்பதில்தான் அவர் பாணியே இருக்கிறது. விட்ட இடத்தில் ஒரு வாக்கியம் முடிகிறது, அடுத்தது தொடங்குகிறது. மவுத் ஆர்கனுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஊதினாலும் ஒலிக்கும், இழுத்தாலும் ஒலிக்கும். நிறுத்தாமல் வாசிக்கலாம் என்பதாலேயே நாம் நிறுத்துவதில்லை. கேட்பவருக்கு அது புள்ளி, கமா இல்லாத பக்கத்தைப் படிப்பதுபோல் இருக்கிறது. குழல்காரருக்கு உடம்பு கற்றுக்கொடுத்ததை நாம் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேல்நிலைப் பயிற்சி என்று நான் கருதுவது இதைத்தான். மற்ற நுட்பங்கள் எல்லாம் இதற்குப் பிறகு.

முதலில் மூச்சுக் கணக்கு. உன் 'கூலீஸ் ரீல்' ஈ-யை ஆதாரமாகக் கொண்ட டோரியன் பாட்டு. நம் கணக்கில் அது கரகரப்பிரியாவின் ஸ்வரவரிசை. நீ வாசிப்பது டி ஹார்ப்பில், அதாவது டி ஸ்ருதி மவுத் ஆர்கனில். அதில் 4, 5, 6-ஆம் ஓட்டைகளை இழுத்தால் ஈ, ஜி, பி வரும், ஊதினால் டி, எஃப் ஷார்ப், ஏ வரும். பாட்டின் முதல் இரண்டு தாளக்கட்டுகள் ஈ-யையும் பி-யையும் சுற்றியே போகின்றன. அதாவது பெரும்பாலும் உள்மூச்சு. அடுத்த இரண்டும் டி-க்கு இறங்கி அங்கேயே துள்ளுகின்றன. அது பெரும்பாலும் வெளிமூச்சு. நுரையீரல் நிரம்பி, பிறகு காலியாகி, மறுபடி நிரம்புகிறது. இந்தப் பாட்டு மூச்சுக்கு ஏற்றபடியே அமைந்திருக்கிறது. நீ மூன்றாம் தாளக்கட்டுக்கு வரும்போது திணறுவது ஒலிப்பதிவில் கேட்கிறது. காரணம், முதல் தாளக்கட்டுக்கே நிறைந்த மூச்சோடு வருகிறாய். இழுப்பில் தொடங்கும் பாட்டை நுரையீரலைப் பாதி காலியாக வைத்துத் தொடங்கு. மிச்சக் காற்றை மூக்கு வழியே சத்தமில்லாமல் விடப் பழகு.

ஒவ்வொரு பாட்டுக்கும் இப்படி ஒரு மூச்சு வரைபடம் எழுதிக்கொள். ஸ்வரம் எழுதாதே, உள், வெளி என்று மட்டும் எழுது. இன்னொரு பொறி 7-ஆம் ஓட்டையில் இருக்கிறது. 4 முதல் 6 வரை ஊதினால் கீழ் ஸ்வரம், இழுத்தால் மேல் ஸ்வரம். 7-இலிருந்து இந்த ஒழுங்கு தலைகீழாகிவிடும். தைவதத்தையும் நிஷாதத்தையும் அடுத்தடுத்து இழுத்து, பிறகு மேல் ஷட்ஜத்தை ஊத வேண்டும். பாட்டு அந்த இடத்தைக் கடக்கும்போது தடுக்கி விழாத இளைஞர்கள் குறைவு. அந்த மூன்று ஸ்வரத்தை மட்டும் மெதுவாக, மேலும் கீழும், சலிக்கும்வரை வாசி.

இனி உன் கேள்விகள். ரீடைச் சுரண்டலாமா? சுரண்டலாம், காரணம் தெரிந்து சுரண்டு. பத்து ஓட்டை மவுத் ஆர்கனின் பழைய ரிக்டர் அமைப்பில், கீழ் ஸ்தாயியில் மத்யமமும் தைவதமும் கிடையாது. ஆனால் பஞ்சமம் மட்டும் இரண்டு இடத்தில் இருக்கிறது: 2-ஐ இழுத்தாலும் அதுதான், 3-ஐ ஊதினாலும் அதுதான். தாளக்கட்டுக்குச் சேர்ந்திசை கொடுக்க அது வசதி. ஐரிஷ் பாட்டுகளோ ஷட்ஜத்துக்குக் கீழே இறங்கி பஞ்சமம், தைவதம், நிஷாதம் தொட்டுத் திரும்புவதில் பிரியமுள்ளவை. 3-ஆம் ஓட்டையை இழுத்து பெண்ட் செய்தால், அதாவது ஸ்வரத்தை வளைத்து இறக்கினால், தைவதம் கிடைக்கும். ஆனால் ரீல் வேகத்தில் அது சரியான ஸ்ருதியில் நிற்பது அரிது. நியூசிலாந்தில் வளர்ந்த பிரெண்டன் பவர் இதற்கு ஒரு வழி கண்டார். 3-ஆம் ஓட்டையின் ஊது ரீடை ஒரு முழு ஸ்வரம் உயர்த்தி, அந்த இரட்டைப் பஞ்சமத்தில் ஒன்றைத் தைவதமாக்கினார். 'பேடி ரிக்டர்' என்பது அதன் பெயர். ஜி ஹார்ப்பில் இப்படிச் செய்தால், 2-ஆம் ஓட்டையின் டி-யிலிருந்து 10-ஆம் ஓட்டையின் இழு ஸ்வரம் வரை ஜி மேஜருக்கான எல்லா ஸ்வரமும் பெண்ட் இல்லாமல் கிடைக்கும்.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். ஊது ரீடுகள் மேல்தகட்டின் உட்பக்கத்தில் இருப்பதால் தகட்டைக் கழற்ற வேண்டும். ரீடுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகி, நுனிப்பக்கம் சிறிது சிறிதாகச் சுரண்டினால் ஸ்ருதி ஏறும். அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். ஒவ்வொரு முறையும் ரீடைச் சற்று ஆறவிட்டுப் பிறகு ட்யூனரில் பார். பழைய ஹார்ப்பில் கை பழகிய பிறகு புதியதைத் தொடு. எஃகு ரீட் போடும் ஜெர்மன் நிறுவனம் சைடல். 1847-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் எஃகு ரீடுகள் சுரண்டக் கடினமானவை, ஆனால் நம் ஊர் ஈரத்தில் பித்தளையைவிட நன்றாகத் தாங்கும்.

ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழப்பாய் என்பதையும் தெரிந்துகொள். நாக்கால் நடு ஓட்டைகளை மூடி 3-ஐயும் 6-ஐயும் சேர்த்து ஊதினால் பழைய அமைப்பில் அழகான இரட்டை ஸ்தாயி கிடைக்கும். பேடி ரிக்டரில் அதே இடத்தில் தைவதமும் பஞ்சமமும் முட்டிக்கொள்ளும். வெக்ஸ்ஃபோர்டின் முர்ஃபி குடும்பம், அதாவது தந்தை ஃபில்லும் மகன்கள் ஜானும் பிப்பும் சேர்ந்து வாசித்த 'தி டிரிப் டு கல்லன்ஸ்டவுன்' தொகுப்பைக் கேள். நாக்கை எடுத்து வைத்து, மெட்டுக்கு அடியில் தாளச் சேர்ந்திசையைத் தட்டிக்கொண்டே போகும் அந்தப் பாணி உனக்குப் பிடித்தால் ரீடில் கை வைக்காதே. பிரெண்டன் பவரின் 1994-ஆம் ஆண்டுத் தொகுப்பு 'நியூ ஐரிஷ் ஹார்மோனிகா'வில் கேட்கும் தெளிவான தனி ஸ்வர ஓட்டம் வேண்டுமென்றால் சுரண்டு. எது உன் பாணி என்று முடிவு செய்யாமல் கருவியை மாற்றாதே.

இனி ஓவர்ப்ளோ, அதாவது ஓட்டையில் இல்லாத ஸ்வரத்தை ஊதி எழுப்பும் நுட்பம். ஹோவர்ட் லெவி அதை வளர்த்தெடுத்து பத்து ஓட்டையில் பன்னிரண்டு ஸ்வரமும் வாசித்துக் காட்டினார். ஜாஸுக்கு அது அவசியம். ஐரிஷ் பாட்டுகள் பெரும்பாலும் ஏழு ஸ்வரத்தோடு நின்றுவிடுகின்றன. உனக்கு உண்மையில் பயன்படப்போவது ஒரே ஒரு ஓவர்ப்ளோதான்: டி ஹார்ப்பின் 6-ஆம் ஓட்டையில் வரும் சி. டி-யில் நடக்கும் சில பாட்டுகள் ஏறும்போது காகலி நிஷாதத்தையும் இறங்கும்போது கைசிகி நிஷாதத்தையும் தொடும். அங்கே அது கைகொடுக்கும். அதை மட்டும் பழகு, மற்றவற்றுக்கு இப்போது நேரம் செலவிடாதே.

பொத்தான் வைத்த குரோமாட்டிக் மவுத் ஆர்கன் வேறு உலகம். கவன் மாவட்டத்தின் எடி கிளார்க் அதில் ஐரிஷ் பாட்டை வாசித்தவர். பொத்தானைச் சட்டென்று தட்டி 'கட்' எனப்படும் சிறு அலங்கார ஸ்வரத்தைப் போடலாம் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் பொத்தான் கையில் வந்ததும் எல்லா ஸ்வரத்துக்கும் அலங்காரம் போடத் தோன்றும். ஓராண்டு பத்து ஓட்டையிலேயே இரு. அதில் கட் போட, அதே மூச்சுத் திசையில் பக்கத்து மேல் ஓட்டையை உரசிவிட்டு வர வேண்டும். கடினம் என்பதால் நீயாகவே குறைவாகப் போடுவாய். எண்ணிக்கை குறைந்தால் இடம் சரியாக அமையும்.

வயலின்காரர் ஒரு நீண்ட ஸ்வரத்தை மேலும் கீழும் தொட்டு 'ரோல்' போடும் இடத்தில், நம் கருவியில் நாக்கால் 'தகிட' என்று உடைத்தாலே பாதி வேலை முடியும். சிறுவயதில் கொன்னக்கோல் பழகியிருக்கிறாய் என்று எழுதியிருந்தாய், அது உதவும். ஆனால் ஜிக் என்ற நடனப் பாட்டை வாசிக்கும்போது அதுவே கெடுக்கவும் செய்யும். நம் தகிடவில் மூன்று அட்சரமும் சமம். ஜிக்கின் மூன்றில் முதலாவது சற்று நீளும், நடுவிலுள்ளது குறுகும். திஸ்ர நடை என்று நினைத்து வாசித்தால் கணக்கு சரியாக இருக்கும், ஆடுபவரின் கால் எழாது.

இதைச் சொல்லும்போது முத்துஸ்வாமி தீக்ஷிதர் நினைவுக்கு வருகிறார். 1775 முதல் 1835 வரை வாழ்ந்த அவர், இளம்வயதில் சென்னைக்கு அருகே மணலியில் இருந்தபோது, கோட்டைப் பட்டாளத்தின் பேண்ட் வாசித்த ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டார். அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். அவையே நோட்டு ஸ்வரங்கள். அவற்றில் 'வந்தே மீனாக்ஷி' என்பதன் மெட்டு 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்ற ஐரிஷ் நடனப் பாட்டு. மாலோ என்பது கார்க் மாவட்டத்தில் ஓர் ஊர். ஐரிஷ் பாட்டு நம் காதுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன, தம்பி. 'நம்மவர்களுக்கு இது எதற்கு' என்று கேட்பவர்களிடம் வாதாடாதே, அந்த நோட்டு ஸ்வரத்தை வாசித்துக் காட்டு.

கவனிக்க வேண்டியது வேறொன்று. கமகத்தில் கரைகண்டவர் தீக்ஷிதர். இருந்தும் அந்த மெட்டுகளில் கமகம் சேர்க்காமல் நேர் ஸ்வரங்களாகவே விட்டார். மெட்டின் நடை வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உன் கர்நாடகக் காது உனக்குச் சொத்து. கிரகபேதம் தெரிந்தவனுக்கு ஒரே ஜி ஹார்ப்பில் ஷட்ஜத்தை நகர்த்திச் சங்கராபரணமும் கரகரப்பிரியாவும் ஹரிகாம்போதியும் நடபைரவியும் கிடைப்பது வியப்பாக இராது. ஐரிஷ் பாட்டுகளில் பெரும்பகுதி இந்த நான்கு வரிசைகளில் அடங்கிவிடும். ஆனால் உன் ஒலிப்பதிவில் இழு ஸ்வரங்களை எல்லாம் பெண்ட் செய்து அசைத்திருக்கிறாய். அந்த ஆசையைக் கொஞ்சம் அடக்கு. ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் கீழிருந்து வழுக்கி ஏறு, போதும்.

இப்போது நம் ஊர் விஷயங்கள். ஈரப்பதம் உன் முதல் பகை. மரச் சட்டம் உப்பும், பித்தளை கறுக்கும். வாசித்து முடித்ததும் ஓட்டைகள் கீழ்நோக்கி இருக்கும்படி உள்ளங்கையில் தட்டி, காற்றில் உலரவிட்டுப் பிறகு பெட்டியில் வை. குளிரூட்டிய அறையில் ஹார்ப் சில்லிட்டிருந்தால் மூச்சு பட்டதும் உள்ளே நீர் கோத்து ரீட் அடைத்துக்கொள்ளும். வாசிக்கும் முன் சட்டைப் பையிலோ கைக்குள்ளோ வைத்துச் சூடேற்று.

வீவக வீட்டில் இரவு வாசித்தால் பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்பட்டிருந்தாய். நியாயமான கவலைதான். இரவில் மூச்சு வரைபடம் எழுது, பாட்டைத் திரும்பத் திரும்பக் கேள், வாயால் பாடு. சத்தமாக வாசிக்க மாலையில் சுவா சூ காங் பூங்கா இருக்கிறது. வெட்டவெளியில் நம் கருவியின் ஒலி சீக்கிரம் கரைந்துவிடும். அதனால் அழுத்தி ஊதத் தோன்றும். அழுத்தினால் ரீட் ஸ்ருதி இறங்கும், சீக்கிரம் உடையும். கையைக் குவித்து, மெல்ல வாசி. எம்ஆர்டியில் நியூட்டனில் மாறி தேக்காவுக்கு வரும் நேரம் முழுக்கக் கேட்பதற்கே. ஒரே பாட்டை ஒரு குழல்காரர், ஒரு வயலின்காரர், ஒரு மவுத் ஆர்கன்காரர் என்று மூவரிடம் கேட்டு, எவர் எந்த ஸ்வரத்தை விடுகிறார் என்று குறித்துக்கொள்.

உதிரிப் பொருள் பார்க்க, இசைக்கருவிக் கடைகள் இருக்கும் பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குப் போவாய் அல்லவா? அது இருப்பது கோல்மன் ஸ்திரீட்டில். அந்தத் தெருவுக்குப் பெயர் தந்தவரும் ஆர்மீனியன் தேவாலயத்தை வடிவமைத்தவருமான ஜார்ஜ் கோல்மன் அயர்லாந்தின் டிரோஹெடா ஊர்க்காரர். இந்த நகரத்துக்கும் அயர்லாந்துக்கும் தொடர்பு பழையதுதான்.

தனியாகவே இருந்துவிடாதே. இது கூடி வாசிக்கும் இசை. சமூக மன்றங்களில் டிரெமோலோ மவுத் ஆர்கன் வாசிக்கும் சீனப் பெரியவர்களைக் கண்டால் பக்கத்தில் போய் உட்கார். பாட்டு வேறாக இருக்கலாம். மூச்சையும் நாக்கையும் பற்றி அவர்களிடம் கற்க நிறைய உண்டு. ஐரிஷ்காரர்கள் கூடி வாசிக்கும் இடம் கிடைத்தால் முதல் நாள் கேட்க மட்டும் போ. தெரிந்த பாட்டு வந்தால் சேர்ந்துகொள், தெரியாததைத் தேடித் தடவி வாசிக்காதே. கிட்டார்காரர் இருந்தால் உன் சேர்ந்திசையை நிறுத்திவிட்டு மெட்டை மட்டும் வாசி.

அடுத்த ஒலிப்பதிவுக்கு என் நிபந்தனை இது. அதே 'கூலீஸ் ரீல்', இப்போதைய வேகத்தில் முக்கால் பங்கு, மூன்று சுற்று. முதல் சுற்றில் அலங்காரமே வேண்டாம். இரண்டாவதில் நான்கு தாளக்கட்டுக்கு ஒரு ஸ்வரத்தை விடு. மூன்றாவதில் விட்ட இடங்களை மாற்று. எதை ஏன் விட்டாய் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. வாசிப்பைவிட அந்தத் தாளைத்தான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
தேக்காவிலிருந்து உன் அண்ணன்