மாரி காலத்து உல்லை

உல்லை என்று நாம் அழைக்கும் அறுகம்பேக்குப் போவதானால் சித்திரைக்கும் ஐப்பசிக்கும் இடைப்பட்ட மாதங்களில்தான் போக வேண்டும் என்பது உலகமெங்கும் நிலைத்துவிட்ட அபிப்பிராயம். அலைச்சறுக்கில் பிரியமுள்ளவர்களுக்கு அது முற்றிலும் நியாயமானதே. தென்சமுத்திரத்தில் தோன்றும் நெடிய அலைகள் அந்தக் காலத்தில்தான் நமது முனைகளைச் சுற்றி வளைந்து ஒழுங்காக உடைகின்றன. கார்த்திகை பிறந்து வாடை வீசத் தொடங்கியதும், காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிப்பதால் அலைகள் குலைகின்றன, தண்ணீர் கலங்குகிறது, விடுதிகள் பலவும் கதவடைக்கின்றன. ஆயினும், கல்முனையில் பிறந்து இக்கரையை எல்லாப் பருவங்களிலும் கண்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: உல்லையின் பூரண சௌந்தரியம் மாரியில்தான் வெளிப்படுகிறது.

சுவீடன் தேசத்து எஸ்டர்சுண்ட் நகரத்தார், ஸ்டூர்ஷோன் என்னும் தங்கள் ஏரி பனிக்காலத்தில் உறைந்ததும் வீட்டுக்குள் முடங்கிவிடாமல், அந்தப் பனிக்கட்டியின் மேலேயே சறுக்கவும் உலாவவும் புறப்பட்டுவிடுகிறார்கள். அந்த மனப்பாங்கு நம் பிரயாணிகளுக்கும் வர வேண்டுமென்று விரும்புகிறேன்.

கல்முனையிலிருந்து பொத்துவிலுக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றர். நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என்று பஸ் கடந்து செல்லும் வழியில், பெரும்போக வேளாண்மை கண்ணுக்கெட்டிய தூரம் பசுமையாய்ப் பரந்து கிடக்கும். சிறுபோக அறுவடைக் காலத்து வெயிலில் வருகிறவர்கள் இந்தக் காட்சியை அறியவே மாட்டார்கள். காலையிலேயே புறப்படுவது உத்தமம். வீதியைக் குறுக்கறுத்து வெள்ளம் ஓடுமானால், அது முழங்கால் அளவேயானாலும், வாகனத்தை நிறுத்திக் காத்திருங்கள். 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றதும், வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் பலர் மாண்டதும் இப்பிரதேசத்தின் ஆறாத துயரம். அதன் பின்னும் ஒருவர் அவசரத்தின் நிமித்தம் ஓடுகிற தண்ணீரில் இறங்குவதைக் கண்டால் என் மனம் பதைக்கிறது.

பொத்துவிலுக்கு வடக்கேயுள்ள களப்பைக் காண விடியற்காலையே தகுந்த நேரம். கண்டல் மரங்களின் இடையே தோணியில் ஊர்ந்து செல்கையில், மழைநீர் கலந்து கனத்த அந்த நீர்ப்பரப்பின் மேல் நாரைகளும் கொக்குகளும் எவ்விதக் கலவரமுமின்றி இரை தேடுவதை மணிக்கணக்கில் பார்த்திருக்கலாம். தோணிக்காரக் காக்காவிடம் முதலில் கேட்க வேண்டியது கூலியன்று, முகத்துவாரம் வெட்டியிருக்கிறதா என்பதே. மணல்மேடு உடைந்திருந்தால் களப்பு நீர் முழுவதும் கடலை நோக்கி இழுத்துக்கொண்டு பாயும். “இண்டைக்கு வேணாம் தம்பி, தண்ணி இழுக்குது” என்று அவர் சொல்லிவிட்டால் கூலியைக் கூட்டிக் கொடுத்தாவது போகலாமென்று வாதாடாதீர்கள். அவருடைய சொல்லே அங்கு சாத்திரம். இக்காலத்தில் கடலில் குளிப்பதையும் அறவே தவிர்க்க வேண்டும்.

மாலையில் மழை விட்டிருந்தால் அறுகம் பாலத்துக்கு நடந்து செல்லலாம். 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமியில் பழைய பாலம் சிதைந்தபின், அமெரிக்க உதவியுடன் கட்டப்பட்டு 2008இல் திறக்கப்பட்டது இப்பாலம். அதன்மேல் நின்றால் ஒருபுறம் களப்பையும் மறுபுறம் கடலையும் ஒருங்கே காணலாம்.

குமண வனத்தில், வடதேசத்துக் குளிருக்கு அஞ்சி வரும் வலசைப் பறவைகள் இப்பருவத்தில் தங்கியிருக்கும். ஆனால் பாதை சேறாவதால், முன்கூட்டியே விசாரித்து, நல்ல ஜீப் வண்டியில் செல்க. லகுகல குளத்தில் யானைக் கூட்டங்களை எதிர்பார்க்க வேண்டாம். எங்கும் தண்ணீர் இருக்கையில் அவை காட்டுக்குள் சிதறிவிடும். அதனாலேயே இருட்டிய பின் லகுகல வழியாகச் செல்லும் வீதியில் மோட்டார் சைக்கிளில் போவது ஆபத்து.

விடுதி திறந்திருக்கிறதா என்று முன்னரே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். டோர்ச், நுளம்புவலை, மாற்றுடை இவை அவசியம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளையில் பொத்துவில் கடைகள் மூடியிருக்குமாதலால், பகல் உணவைத் தொழுகைக்குப் பின் வைத்துக்கொள்வதே மரியாதையும் சௌகரியமும் ஆகும். சுடுசோறும் களப்பு மீன் ஆணமும் அப்போது கிடைக்கும். நாள் தெரிந்தெடுக்கும் அவகாசம் உள்ளவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது தை மாதப் பிற்பகுதியை: பெருமழை தணிந்திருக்கும், களப்பு நிறைந்தே இருக்கும், வந்த பறவைகளும் இன்னும் திரும்பியிருக்கமாட்டா.